பிளாஸ்டிக் குப்பையிலிருந்து இரசாயனப் பொருட்கள்: எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம்?

நம் வீட்டிலிருந்து ஒரு வாரத்தில் வெளியேறும் பிளாஸ்டிக்கை ஒரே சாக்கில் போட்டு வைத்தால் அது நம்மைத் திகைக்க வைக்கும். பால் பாக்கெட், எண்ணெய் கவர், ஷாம்பு சாஷே, தண்ணீர் பாட்டில், பார்சல் பிரியாணி வந்த டப்பா, குழந்தைகள் தின்ற சிப்ஸ் பாக்கெட் என எல்லாம் அதில் இருக்கும். தெருமுனைத் தொட்டியில் போட்டவுடன் நம் கவலை தீர்ந்துவிடுகிறது. அந்தப் பிளாஸ்டிக்கின் கதையோ அப்போதுதான் தொடங்குகிறது.

"மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கிலிருந்து தயாரிக்கப்பட்டது", "புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் இயங்கும் ஆலை" என்ற வாசகங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். குப்பையாகப் போன பிளாஸ்டிக் மீண்டும் மூலப்பொருளாக மாறும் என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, எங்கே நடக்கிறது, எந்த அளவுக்கு நம்பலாம், இதில் நம் குடும்பங்களின் பங்கு என்ன என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எண்ணெயின் இரண்டு வேலைகள்

பிளாஸ்டிக் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிறக்கிறது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோல், டீசலுடன் நாஃப்தா என்ற திரவமும் கிடைக்கிறது. அதை நீராவியுடன் கலந்து சுமார் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலைக் குழாய்களில் செலுத்தினால், பெரிய மூலக்கூறுகள் உடைந்து எத்திலீன், புரொப்பிலீன் போன்ற சிறிய மூலக்கூறுகள் கிடைக்கும். அவற்றைத் தஸ்பீஹ் மணிகளைப் போல வரிசையாகக் கோத்தால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் உருவாகின்றன. பால் பாக்கெட் முதல்வகை, பிரியாணி டப்பா பெரும்பாலும் இரண்டாம் வகை.

இதே சிறிய மூலக்கூறுகளிலிருந்துதான் சலவைத்தூள், பெயிண்ட், பாலியெஸ்டர் துணி, பசை, பல மருந்துகளின் மூலப்பொருட்கள் ஆகியவையும் தயாராகின்றன. இரசாயனத் தொழில் இல்லாத ஒரு நாள்கூட நம் வாழ்வில் இல்லை.

இந்தத் தொழிலில் எண்ணெயும் எரிவாயுவும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, பொருளாக மாறும் மூலப்பொருள். மற்றொன்று, உலையைச் சூடாக்கும் எரிபொருள். பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி, உலகத் தொழில்துறைகளில் மிக அதிக ஆற்றலைப் பயன்படுத்துவது இரசாயனத் துறை. அதற்குள் செல்லும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி எரிக்கப்படுவதில்லை, பொருளாகவே மாறுகிறது. நேரடிக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமெண்ட், எஃகு ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இத்துறை இருக்கிறது.

எனவே ஒரு இரசாயன ஆலை தன்னைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லிக்கொண்டால், நாம் இரண்டையும் கேட்க வேண்டும். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? வெப்பம் எங்கிருந்து வந்தது? ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால் அது பாதிப் பதில்தான்.

உருக்குவது வேறு, உடைப்பது வேறு

மறுசுழற்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது பிளாஸ்டிக்கைக் கழுவி, நறுக்கி, உருக்கி, மறுபடி வார்க்கும் முறை. காயலான் கடைக்குப் போகும் குடமும் வாளியும் இந்த வழியில்தான் செல்கின்றன. தண்ணீர் பாட்டில்கள் செய்யப்படும் 'பெட்' வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக இழுத்தால் பாலியெஸ்டர் நூலும் கிடைக்கும். 2023 பிப்ரவரியில் இந்தியப் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேற்சட்டை அப்படிச் செய்யப்பட்டது. அதற்கான துணி நம் கரூரிலுள்ள ஒரு நிறுவனத்திலிருந்து சென்றது.

உருக்கும் முறைக்கு ஆற்றல் குறைவாகவே தேவைப்படும். ஆகவே ஒரே வகையான, சுத்தமான பிளாஸ்டிக் கிடைக்கும் இடத்தில் இதுவே சிறந்த வழி. ஆனால் பல வகைகள் கலந்துவிட்டாலோ, எண்ணெயும் மசாலாவும் ஒட்டியிருந்தாலோ, ஒரே கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக இருந்தாலோ இந்த முறை கைகொடுக்காது. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் வலு குறைவதும் உண்டு.

அங்கேதான் இரசாயன மறுசுழற்சி வருகிறது. இதில் பிளாஸ்டிக் உருக்கப்படுவதோடு நிற்பதில்லை. கோத்த மணிகள் மறுபடி தனித்தனியாக உடைக்கப்படுகின்றன. இதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, கோத்ததை அப்படியே அவிழ்ப்பது. பெட் பாட்டிலை மெத்தனால் போன்ற திரவத்துடன் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வினைபுரியச் செய்தால், அது எந்தப் பொருட்களிலிருந்து உருவானதோ கிட்டத்தட்ட அதே பொருட்களாகப் பிரிந்துவிடும். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் நிறுவனம் 2024 இல் இத்தகைய ஆலையை இயக்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு ஆண்டுக்கு சுமார் 1,10,000 டன். எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் இந்த வழி பொருந்தாது.

இரண்டாவது, வெப்பச் சிதைவு. காற்றுப் புகாத கலனில் பிளாஸ்டிக்கைச் சில நூறு டிகிரி வரை சூடாக்கினால் அது தீப்பிடிக்காமல் சிதைந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறும். அந்த எண்ணெயைச் சுத்திகரித்து நாஃப்தாவுக்குப் பதிலாக உலையில் செலுத்தலாம். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 2018 இல் இதைச் செய்யத் தொடங்கியது.

மூன்றாவது, வாயுவாக்கம். இன்னும் அதிக வெப்பத்தில், குறைந்த அளவு ஆக்சிஜனும் நீராவியும் சேர்த்து, பிளாஸ்டிக்கை ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாக மாற்றுவது. கலப்படமான குப்பையையும் ஏற்றுக்கொள்வது இந்த வழியின் சிறப்பு. நீண்டகாலமாக இது நடைமுறையில் இருக்கும் ஓர் இடத்தை விரிவாகப் பார்ப்போம்.

காவாசாகியின் 20 ஆண்டுகள்

ஜப்பானில் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையில் உள்ள தொழில்நகரம் காவாசாகி. அங்கே ஷோவா டென்கோ நிறுவனம் 2003 இல் ஓர் ஆலையைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ரெசோனாக். வீடுகளிலிருந்து வரும் பிளாஸ்டிக் உறைகளையும் டப்பாக்களையும் ஹைட்ரஜனாக மாற்றி, அதிலிருந்து அம்மோனியா தயாரிப்பதே இந்த ஆலையின் வேலை. ஒரு நாளைக்கு 195 டன் பிளாஸ்டிக் குப்பையைக் கையாளும் திறன் அதற்கு உண்டு.

ஆலைக்கு முன்பே ஒரு சட்டம் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பொட்டலப் பொருட்களின் மறுசுழற்சிக்காக ஜப்பான் 1995 இல் தனிச் சட்டம் இயற்றியது. 2000 முதல் பிளாஸ்டிக் உறைகளும் அதன் வரம்புக்குள் முழுமையாக வந்தன. குடும்பங்கள் பிரித்துக் கொடுக்கின்றன, உள்ளாட்சிகள் சேகரித்துக் கட்டுகளாக்குகின்றன, பொருளைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்கள் செலவில் பங்கேற்கின்றன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஆலைக்குத் தினமும் தீனி கிடைத்திருக்காது.

ஆலைக்குள் இரண்டு உலைகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதல் உலையில் 600 முதல் 800 டிகிரி வெப்பத்தில் பிளாஸ்டிக் சிதைந்து வாயுவாகிறது. அதில் கலந்திருந்த உலோகத் துண்டுகள் தனியே எடுக்கப்படுகின்றன. இரண்டாவது உலையில் சுமார் 1,400 டிகிரி வெப்பத்தில் அந்த வாயு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஆகிறது. பிறகு அது மிக விரைவாகக் குளிர்விக்கப்படுகிறது. மெதுவாகக் குளிர்ந்தால் டயாக்சின் என்னும் நச்சு உருவாக வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கவே இந்த வேகம். கடைசியில் ஹைட்ரஜனுடன் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா கிடைக்கிறது.

அம்மோனியா என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது உரம். நெல் வயலுக்கு நாம் இடும் யூரியாவின் தாய்ப்பொருள் அதுதான். நைலான் போன்ற இழைகளுக்கும் அது தேவை. உலகில் அம்மோனியாவின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் தயாராகிறது. நம் தூத்துக்குடியிலுள்ள ஸ்பிக் உரத் தொழிற்சாலைகூட நீண்டகாலம் நாஃப்தாவிலிருந்தே அம்மோனியா தயாரித்து, பின்னர் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த எரிவாயுவின் இடத்தில் குப்பையை வைத்துக் காட்டியிருப்பதுதான் காவாசாகியின் சாதனை.

உடன் வெளிவரும் கரியமில வாயுவின் ஒரு பகுதி உலர்பனிக்கும் சோடா பானங்களுக்கும் போகிறது. உலையின் அடியில் தங்கும் கசடு சிமெண்டுக்குப் பயன்படுகிறது. 2018 இல் காவாசாகியில் திறக்கப்பட்ட ஒரு ஹோட்டலுக்கு இந்த ஹைட்ரஜன் குழாய் வழியாகவே கொண்டு செல்லப்பட்டது. ஹோட்டலின் மின்தேவையில் சுமார் 30 சதவீதத்தை அதிலிருந்து பெறுவது என்பது அன்றைய திட்டம்.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த முறையில் பிளாஸ்டிக்கிலுள்ள ஹைட்ரஜன்தான் புதிய பொருளாகிறது; கார்பன் பெரும்பாலும் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. சோடாவில் கலந்ததும் மூடியைத் திறந்தால் காற்றில்தான் சேரும். உலைக்கு வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியும் பிளாஸ்டிக் ஓரளவு எரிவதிலிருந்தே வருகிறது. குப்பையை வெறுமனே எரிப்பதைவிட இது மேல். எரிவாயுவை மிச்சப்படுத்துகிறது. ஆனால் பிளாஸ்டிக் மறுபடி பிளாஸ்டிக்காகத் திரும்புவதில்லை.

மலைக்க வைக்கும் ஒரு கணக்கு

இந்த ஆலை தொடங்கியதிலிருந்து கையாண்ட குப்பையின் மொத்த அளவு 2024 தொடக்கத்தில் 10 லட்சம் டன்னை எட்டியது. இருபது ஆண்டுகளின் இடைவிடாத உழைப்பு அது.

இதை உலகக் கணக்கோடு ஒப்பிடுவோம். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட விவரப்படி, 2019 இல் உலகம் 46 கோடி டன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது. அதே ஆண்டில் 35.3 கோடி டன் குப்பையானது. அதை 365 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 9 லட்சத்து 67 ஆயிரம் டன். அதாவது காவாசாகி ஆலை இருபது ஆண்டுகளில் கையாண்டதை, உலகம் ஏறத்தாழ ஒரே நாளில் குப்பையாக வெளியே தள்ளுகிறது.

அந்த 35.3 கோடி டன்னில் கடைசியில் மறுசுழற்சியானது 9 சதவீதம் மட்டுமே. ஏறத்தாழ 50 சதவீதம் குப்பைக் கிடங்குகளுக்கும் 19 சதவீதம் எரிப்பு ஆலைகளுக்கும் சென்றன. மீதி 22 சதவீதம் முறையான கவனிப்பே இல்லாமல் திறந்தவெளிக்கும் நீர்நிலைகளுக்கும் கடலுக்கும் போனது.

இந்தக் கணக்கு தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதற்காக அல்ல. எத்தனை ஆலைகள் வந்தாலும் பயன்பாடு குறையாமல் இந்தப் பிரச்சினை தீராது என்பதை அது சொல்கிறது.

வெப்பம் எங்கிருந்து வர வேண்டும்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். குப்பையிலிருந்து எண்ணெய் எடுத்தாலும், அதை உடைக்கும் உலையை எரிவாயு கொண்டு சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறத்தான் செய்யும். அந்த 850 டிகிரி வெப்பத்தை மின்சாரத்தால் தர முடியுமா?

முடியும் என்று காட்ட ஒரு முயற்சி நடக்கிறது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப், சவூதி அரேபியாவின் சாபிக், லிண்டே ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2024 ஏப்ரலில் லுட்விக்ஸ்ஹாஃபனில் மின்சார உலைகளை இயக்கத் தொடங்கின. ஜுபைலிலும் யன்புவிலும் வேலை பார்த்த நம் குடும்பத்தார் பலருக்கு சாபிக் பழக்கமான பெயர். அங்கே இரண்டு உலைகள் உள்ளன. ஒன்றில் மின்சாரம் நேரடியாகக் குழாய்களிலேயே பாய்ந்து அவற்றைச் சூடாக்குகிறது. மற்றொன்றில் குழாய்களைச் சுற்றியுள்ள மின்கம்பிச் சுருள்கள் வெப்பம் தருகின்றன. இரண்டும் சேர்ந்து மணிக்கு சுமார் 4 டன் மூலப்பொருளைக் கையாள்கின்றன; இதற்கு 6 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தேவை. வழக்கமான உலையோடு ஒப்பிட்டால் கரியமில வாயுவை 90 சதவீதமாவது குறைக்கும் வாய்ப்பு இந்த முறைக்கு உண்டு என்று அந்த நிறுவனங்கள் கூறுகின்றன.

இதே நகரின் ஒப்பாவ் பகுதியில்தான் 1913 இல் உலகின் முதல் அம்மோனியாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அன்று நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். இன்று அதே வளாகத்தில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் 54 மெகாவாட் கருவி 2025 இல் தொடங்கி வைக்கப்பட்டுள்ளது.

சவூதியின் நியோம் பகுதியில் இதைவிடப் பெரிய திட்டம் கட்டுமானத்தில் உள்ளது. சுமார் 4 கிகாவாட் சூரிய, காற்று மின்சாரத்தைக் கொண்டு ஒரு நாளைக்கு 600 டன் வரை ஹைட்ரஜன் எடுத்து, அதை அம்மோனியாவாக்கிக் கப்பலில் ஏற்றுவது அதன் நோக்கம். எண்ணெய் வளத்தால் வளர்ந்த நாடு, வெயிலையும் காற்றையும் மூலதனமாக்கப் பார்க்கிறது.

இதிலுள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுழல்வது போல எல்லா மாதங்களிலும் சுழல்வதில்லை. சூரிய மின்சாரம் மாலையில் நின்றுவிடும். இரசாயன உலையோ இரவு பகலாக ஒரே வெப்பத்தில் எரிய வேண்டும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வசதியும் நிலையான மின்தொடர்பும் மலிவாகும் வரை இந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும்.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

ஒரு பொட்டலத்தில் "மறுசுழற்சிப் பிளாஸ்டிக்" என்று எழுதியிருந்தால், அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே பழைய பிளாஸ்டிக் இருக்கிறது என்று நாம் நினைப்போம். எப்போதும் அப்படியல்ல. கிராமத்துப் பால் சங்கத்தில் பல வீட்டுப் பால் ஒரே கேனில் சேர்கிறது. பிறகு எந்தத் துளி எந்த வீட்டுப் பசுவினுடையது என்று சொல்ல முடியாது. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்ற கணக்கு மட்டும்தான் நிற்கும். இரசாயன உலையும் இப்படித்தான். ஆயிரக்கணக்கான டன் நாஃப்தாவுடன் குப்பையிலிருந்து எடுத்த கொஞ்சம் எண்ணெய் கலக்கிறது. அந்தக் கொஞ்சத்தை எந்தப் பொருளின் பெயரில் எழுதுவது என்பதைக் கணக்கேடு தீர்மானிக்கிறது. கணக்கு நேர்மையாக இருந்தால் இதில் தவறில்லை. ஆனால் எரிபொருளாகப் போன பங்கையும் சேர்த்து மறுசுழற்சி என்று எழுதினால், அது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். இக்கணக்கு முறை பற்றி உலகெங்கும் விவாதம் நடப்பது இதனால்தான்.

அறிவிப்புகளுக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும். 2025 க்குள் ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிளாஸ்டிக் குப்பையை எண்ணெயாக்கிப் பயன்படுத்துவோம் என்று அறிவித்திருந்த ஷெல் நிறுவனம், அந்த இலக்கு சாத்தியமில்லை என்று பின்னர் கைவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இத்தகைய ஆலை நடத்திய பிரைட்மார்க் நிறுவனத்தின் கிளைகள் 2025 இல் திவால் பாதுகாப்புக் கோரின. போதிய சுத்தமான குப்பை கிடைப்பதும் கடினம். புதிய பிளாஸ்டிக்கின் மலிவான விலையோடு போட்டியிடுவதும் கடினம்.

ஆகவே இப்படி ஒரு செய்தியையோ விளம்பரத்தையோ காணும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். மூலப்பொருளில் எத்தனை சதவீதம் உண்மையில் குப்பையிலிருந்து வந்தது? உலையின் வெப்பம் எதிலிருந்து வந்தது? உள்ளே போன குப்பையில் எவ்வளவு மீண்டும் பொருளானது, எவ்வளவு புகையானது? மூன்றுக்கும் எண்ணிக்கையோடு பதில் தரும் நிறுவனம் நம்பிக்கைக்கு உரியது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

மேலே சொன்ன எல்லா ஆலைகளின் வெற்றியும் தோல்வியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: குப்பை எவ்வளவு சுத்தமாகவும் பிரிக்கப்பட்டதாகவும் வருகிறது என்பதில். அந்த இடம் நம் சமையலறை.

பிளாஸ்டிக் பொருட்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்பது தண்ணீர் பாட்டிலின் பெட். 2 என்பது கெட்டியான கேன்கள். 3 என்பது பிவிசி. 4 என்பது பால் பாக்கெட், மெல்லிய பைகள். 5 என்பது பார்சல் டப்பாக்கள். 6 என்பது தெர்மாகோல் வகை. 7 என்பது மற்றவை. இவற்றில் 1, 2, 5 ஆகியவற்றைக் கழுவித் தனியே வைத்தால் காயலான் கடையில் பெரும்பாலும் விலை கிடைக்கும். பிவிசி குழாய்த் துண்டுகளை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. அதிலுள்ள குளோரின் ஆலையின் குழாய்களை அரித்துவிடும்.

பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறினால் போதும். அந்தச் சிறு துண்டுகளை யாராலும் பொறுக்கிச் சேர்க்க முடியாது. காலி கவர்களைப் பாத்திரம் கழுவிய மிச்ச நீரிலேயே அலசிக் காய வைக்கலாம்.

எந்த நிலையிலும் பிளாஸ்டிக்கை வாசலில் போட்டுக் கொளுத்தக் கூடாது. காவாசாகியில் 1,400 டிகிரி வெப்பமும் விரைவான குளிர்விப்பும் கொண்டு தடுக்கும் நச்சு, நம் தெருவில் தடையின்றி வெளியேறும். அதை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுக் குழந்தைகளும் முதியவர்களும்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது குறைத்துக்கொள்வது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. ஆனாலும் நிக்காஹ் விருந்து முடிந்த மண்டபத்தின் பின்புறம் குவியும் தம்ளர்களையும் தட்டுகளையும் நாம் பார்க்கத்தான் செய்கிறோம். கழுவிப் பயன்படுத்தும் தட்டுகளை ஜமாஅத்திலேயே வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி எடுத்துச் செல்லும் பழக்கம் நம் ஊர்களில் ஏற்கனவே உள்ளது. அதை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பைக்கு மாறிய இடங்களில் மறுபடி தூக்குவாளியையே கொண்டு வரலாம்.

பிளாஸ்டிக்கை மீண்டும் மூலப்பொருளாக்கும் அறிவு மனிதனிடம் இருக்கிறது. அதைச் சுத்தமான மின்சாரத்தால் செய்யும் வழியும் திறந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஓர் ஆலை இருபது ஆண்டுகளில் செய்ததை நாம் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் குப்பையாக்கும் வரை அந்த அறிவு பின்தங்கியே நிற்கும். பெரிய ஆலை நம் ஊருக்கு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. இன்று நம் வீட்டுக் குப்பைத் தொட்டியை இரண்டாகப் பிரிப்பது நம் கையில்தான் இருக்கிறது.